சென்றோரும் தங்கியோரும்: தென்சீனப் பெருநகரில் தமிழர் – பினாங்கிலிருந்து ஒரு நோக்கு

முன்னுரை

பினாங்குத் தீவின் தலைநகரான ஜார்ஜ்டவுனில், முன்னர் பிட் தெரு என வழங்கிய ஜாலான் மஸ்ஜிட் கபித்தான் கெலிங் வழியே நடப்போர் சிறிது தொலைவிற்குள் மூன்று வழிபாட்டு இடங்களைக் காண்பர். ஹொக்கியன், கந்தோனிய மக்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய குவான் யின் கோயில் ஒன்று. 1833ஆம் ஆண்டினதாகிய, அருகிலுள்ள குயின் தெருவின் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் மற்றொன்று. தமிழ் முசுலிம் வணிகர்தம் நினைவைத் தாங்கி நிற்கும் கபித்தான் கெலிங் பள்ளிவாசல் பிறிதொன்று. தென்சீனக் கரையிலிருந்து வந்தோரும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தோரும் அண்டை அயலாராய் வாழும் இக்காட்சி நமக்குப் பழகிப்போன ஒன்று.

இதே அண்டை வாழ்வு, ஜார்ஜ்டவுன் தோன்றுவதற்கு ஐந்நூறு ஆண்டுகட்கு முன்னரே சீன மண்ணில் இருந்துள்ளது. அங்கே ஊரார் சீனர். வந்து குடியேறியோர் தமிழர். அந்நகர் ஃபூஜியான் மாநிலத்துச் சுவன்சோ. பினாங்கு ஹொக்கியன் மக்களின் மூதாதையர் பெரும்பாலும் சாங்சோ, சுவன்சோ ஆகிய அண்டை வட்டாரங்களைச் சேர்ந்தோராவர். நம் அயலாரின் முன்னோர் ஊருக்கு நம் முன்னோர் சென்று வாழ்ந்திருக்கின்றனர் என்னும் செய்தி நம் வகுப்பறைகளில் அரிதாகவே பேசப்படுகிறது.

தமிழர்–சீனர் தொடர்பைப் பேசும் நூல்கள் பலவும் தூதுக்குழுக்களையும் துறவிகளையும் வரிசைப்படுத்தி நின்றுவிடுகின்றன. ஒரு நகருக்குச் சென்று மீள்வது ஒன்று. அங்கேயே தங்கி வாழ்வது வேறொன்று. இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு, குவாங்சோ, சுவன்சோ ஆகிய இரு தென்சீனத் துறைநகர்களில் தமிழர் எவ்வாறு சென்றனர், எவ்வாறு தங்கினர், அவர்தம் வாழ்வின் எச்சம் எவ்வாறு காக்கப்பட்டது என்பனவற்றை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

காற்று வகுத்த வாழ்வு

கடல்வழி வாணிகத்தில் தங்கல் என்பது விருப்பத்தால் மட்டும் அமைவதன்று. பருவக்காற்றே அதனை முதலில் விதித்தது. தென்மேற்குக் காற்றில் கோடையில் சீனக் கரையை அடையும் கலம், வடகிழக்குக் காற்று எழும் குளிர்காலம் வரை மீள இயலாது. சரக்கு விற்று முடியாவிடினும், கொள்ள வேண்டிய பட்டும் பீங்கானும் வந்து சேராவிடினும், அக்காற்றையும் தவறவிட்டு மேலும் ஓராண்டு காத்திருக்க நேரும்.

இந்நிலையைச் சீனர் கூர்ந்து நோக்கியுள்ளனர். 1119ஆம் ஆண்டளவில் சூ யூ என்பார் எழுதிய பிங்சோ கெதான் என்னும் நூல் குவாங்சோ துறைமுகத்தின் நடைமுறைகளை விரித்துரைக்கிறது. அந்நூலாசிரியரின் தந்தையார் அந்நகரில் அலுவலராய் இருந்தவர். அயல்நாடுகளிலிருந்து குவாங்சோ வந்து அவ்வாண்டே திரும்பாதோரைச் 'சீனத்தில் தங்கியோர்' என்றும், கடல்கடந்து சென்று அவ்வாண்டே திரும்பாத சீனரை 'அயல்நாட்டில் தங்கியோர்' என்றும் மக்கள் வழங்கியதாக அந்நூல் குறிக்கிறது. ஒரே காற்று இரு கரையினரையும் தங்கவைத்தது. ஒரே சொல்லமைப்பே இருவரையும் குறித்தது. பிற்காலத்தில் பினாங்கில் குடியேறிய சீனர் இவற்றுள் இரண்டாம் வகையினர் எனலாம்.

தங்கியோர்க்கெனக் குவாங்சோவில் தனிக் குடியிருப்பு இருந்தது. அதற்கு அயலாருள் ஒருவரே தலைவராய் அமர்த்தப்பெற்றார். தம்மவரிடை எழும் வழக்குகளைக் கவனிப்பதும் அயல்வணிகரை வருமாறு ஊக்குவதும் அவர் கடமை. பினாங்கில் ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கக் காலத்தில் சீனருக்குக் கோ லே ஹுவானும், தென்னிந்திய முசுலிம்களுக்குக் காதர் முகைதீனும் கபித்தான்களாக விளங்கியதை இங்கு ஒப்பிட்டு நோக்கலாம். துறைநகர் ஆட்சி எங்கும் ஏறக்குறைய ஒரே வழியை நாடியிருப்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது.

குவாங்சோ: சென்று வந்தோரின் வாயில்

கான்டன் என்று நாம் அறிந்த குவாங்சோ, தாங் பேரரசின் காலத்தில் (618–907) தென்கடலின் தலையாய துறைமுகமாகும். சீனத் துறவி இத்சிங் 671ஆம் ஆண்டில் இந்நகரிலிருந்தே கப்பலேறினார். ஸ்ரீவிஜயத்தில் ஆறு திங்கள் தங்கிப் பின் மலாயு, கடாரம் வழியாக அவர் வங்கக் கரையின் தாமிரலிப்தியை அடைந்தார். அவர் கப்பல் மாறிய கடாரம், பினாங்குக்கு எதிரே உள்ள இன்றைய கெடா ஆகும். எதிர்த்திசையில், காஞ்சிப் பல்லவர் ஆதரவு பெற்ற தென்னிந்தியத் துறவி வச்சிரபோதி 720ஆம் ஆண்டளவில் குவாங்சோவை அடைந்து, சீனத்தில் தாந்திரிக பௌத்தத்தைப் பரப்பிய முன்னோடிகளுள் ஒருவரானார்.

இவர்கள் சென்றோர். தங்கியோரைப் பற்றிய குறிப்பும் அக்காலத்திலேயே கிடைக்கிறது. 8ஆம் நூற்றாண்டின் நடுவில் குவாங்சோவில் தங்க நேர்ந்த சீனத் துறவி ஜியான்சென்னின் பயண வரலாறு, அந்நகரில் பிராமணர் கோயில்கள் மூன்று இருந்ததையும், அவற்றில் இந்தியர் வாழ்ந்ததையும் சொல்கிறது. அவர்கள் இந்தியாவின் எப்பகுதியினர் என்று அது குறிக்கவில்லை. எனவே அவர்களைத் தமிழர் என்று கூறத் துணிதல் தகாது. ஆயினும் சீனத் துறைநகரொன்றில் இந்தியக் கோயில்கள் அக்காலத்திலேயே நிலைபெற்றிருந்தன என்பது உறுதியாகிறது.

தங்கி வாழ்வோர் இடர்ப்பாட்டுக்கும் உட்பட்டோரே. 879ஆம் ஆண்டளவில் ஹுவாங் சாவ் என்பானின் கிளர்ச்சிப்படை குவாங்சோவைக் கைப்பற்றி அயல்வணிகர் பலரைக் கொன்றழித்தது. அதன்பின் மேற்கிலிருந்து வரும் கலங்களும் சீனக் கலங்களும் கலா என்னும் இடைத்துறையில் சந்திக்கலாயின என அராபிய ஆசிரியர் எழுதுகின்றனர். கலா என்பது கடாரம் அல்லது அதனைச் சார்ந்த கரை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சீனப் பெருநகரில் நேர்ந்த அழிவு நம் வாயிற்கடலின் வாணிகத்தை மாற்றியமைத்தது என்பது பினாங்கு, கெடா வரலாற்றைப் பயில்வோர் கருதத்தக்கது.

சோங் பேரரசின் காலத்தில் சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீன அரசவையை அடைந்தன. முதலாம் இராசராசன் அனுப்பிய முதற்குழு குவாங்சோவை அடைய 1150 நாள்கள் ஆயின எனச் சோங் வரலாறு குறிக்கிறது. 1077ஆம் ஆண்டுக் குழுவில் 72 பேர் இருந்தனர். 1150 நாள் பயணம் என்பது வழித்துறைகள் பலவற்றில் தங்கிக் காற்று மாறும் வரை காத்திருந்து செய்த பயணமேயாகும். முதலாம் இராசேந்திரனின் கடற்படை 1025இல் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத் துறைகளையும் தாக்கியதற்கு இவ்வழித்துறைகளின் மேலாண்மையும் ஒரு காரணமாகலாம் என அறிஞர் கருதுவர்.

சுவன்சோ: தங்கியோரின் நகர்

1087ஆம் ஆண்டில் சுவன்சோவில் கடல்வாணிக அலுவலகம் நிறுவப்பட்டது. அதுவரை அயல்வாணிகத்திற்குக் குவாங்சோ முதலிய துறைகளைச் சார்ந்திருந்த நகர் இப்போது தானே வரி தண்டவும் கலங்களை வரவேற்கவும் உரிமை பெற்றது. சிவந்த பூக்களையுடைய கல்யாண முருங்கை இனத்து மரங்கள் நகரைச் சூழ்ந்திருந்தமையால் சீனர் அதனை அம்மரப் பெயரால் வழங்கினர். அதன் திரிபே அராபியரும் மார்க்கோ போலோவும் குறிப்பிடும் சைத்தூன் என்பர். 1974இல் சுவன்சோவின் ஹோசூ துறையில் அகழ்ந்தெடுக்கப்பட்ட 13ஆம் நூற்றாண்டுக் கப்பலில் மிளகும் நறுமண மரங்களும் சாம்பிராணியும் இருந்தன.

இந்நகரில் இந்தியர் நிலையாகத் தங்கியதற்குச் சுவன்சோவின் கடல்வாணிக அலுவலராய் இருந்த சாவ் ருகுவா 1225இல் தொகுத்த சூ ஃபான் சி என்னும் நூல் சான்றாகிறது. 984–987 காலப்பகுதியில் இந்தியத் துறவி ஒருவர் கடல்வழியாக வந்தார். அயல்வணிகர் போட்டியிட்டு அவருக்குப் பொன்னும் மணியும் அளித்தனர். அவரோ தமக்கென எதனையும் கொள்ளாது, நகரின் தெற்குப்புறத்தில் நிலம் வாங்கிப் பௌத்தக் கோயில் கட்டினார் என்று அவர் குறிக்கிறார். மலையாளக் கரையைச் சேர்ந்த தந்தையும் மகனும் தம் காலத்தில் சுவன்சோவின் தெற்குப் பகுதியில் குடியிருந்ததையும் அவர் பதிவு செய்துள்ளார். தந்தையும் மகனும் ஓரிடத்தில் வாழ்ந்தனர் என்னும் குறிப்பு சிறியதே. எனினும் ஒரு பருவத்திற்கு மட்டும் வந்து செல்லும் வணிகரின் வாழ்வாக இதனைக் கொள்ள இயலாது. ஒரு குடும்பத்தின் இரு தலைமுறைகள் அயல்நகரில் காலூன்றியிருந்தன என்பதையே இது உணர்த்துகிறது.

தமிழ்க் கரையிலிருந்து சுவன்சோ வரையிலான வழியில் தமிழ் வணிகர் விட்டுச்சென்ற கல்வெட்டுகள் இதற்குத் துணை நிற்கின்றன. தாய்லாந்தின் தக்குவாபாவில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மணிக்கிராமத்தார் கல்வெட்டும், சுமத்திராவின் பாருசில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐந்நூற்றுவர் கல்வெட்டும், பர்மாவின் பகானில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நானாதேசி விண்ணகரக் கல்வெட்டும் கிடைத்துள்ளன. இத்தொடரின் கிழக்குக் கோடியில் அமைவதே சுவன்சோவின் தமிழ்க் கல்வெட்டாகும்.

1281ஆம் ஆண்டுக் கல்வெட்டு

1956ஆம் ஆண்டில் சுவன்சோவில் தமிழ் எழுத்துப் பொறித்த கல்லொன்று கண்டறியப்பட்டது. அது பின்னர்ச் சியாமென் பல்கலைக்கழக மானிடவியல் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. டி. என். சுப்பிரமணியம் 1978இல் அதனை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். பின்னர் நொபோரு கராசிமா முதலிய அறிஞர் அதனை மீண்டும் ஆராய்ந்தனர். சக ஆண்டு 1203, சித்திரைத் திங்கள், சித்திரை நாள் என்று அது காலத்தைக் குறிக்கிறது. இது 1281ஆம் ஆண்டு ஏப்பிரலுக்கு ஒப்பாகும். தவச்சக்கரவர்த்திகள் எனப்படும் சம்பந்தப் பெருமாள் என்பவர், செகசைக் கானின் திருமேனி நலத்தின் பொருட்டு, அக்கானின் ஆணைப்படி, சிவபெருமானை எழுந்தருளச் செய்தார் என்பது அதன் பொருள். கல்லின் அடியில் சீன எழுத்தில் ஒரு வரியும் உள்ளது.

தமிழ் பயிற்றுவோர் இச்சிறு கல்வெட்டில் கருதத்தக்கன சில உள. முதலாவது, செகசைக் கான் என்பது குப்லாய் கானைக் குறிக்கும் என்பது பெரும்பாலோர் முடிபு. அறிவன் என்னும் பொருளில் மங்கோலியர் அவனுக்கு வழங்கிய செச்சென் என்னும் பட்டமே தமிழ் ஒலிமரபுக்கு ஏற்பத் திரிந்து நிற்கிறது. இரண்டாவது, அரசாணையைக் குறிக்கும் பர்மான் என்னும் பாரசீகச் சொல் தமிழ் எழுத்தில் வந்துள்ளது. அக்காலச் சுவன்சோவில் அயல்வணிகரிடைப் பாரசீகமே பொதுமொழியாய் விளங்கியது; அங்கு வாழ்ந்த தமிழரின் வழக்கிலும் அது புகுந்திருந்தது என்பதை இச்சொல் காட்டுகிறது. மலேசியத் தமிழில் மலாய்ச் சொற்கள் புகுந்திருப்பதை எண்ணுவோர்க்கு இது வியப்பளிக்காது. மூன்றாவது, இறைவனின் பெயர். முன்னைய வாசிப்பு திருக்கதலீச்சுரம் என்றது. பின்னைய வாசிப்பு திருக்கானீச்சுரம் என்கிறது. பின்னையதே சரியெனில், கான் பெயரால் அமைந்த ஈச்சுரம் என்று பொருள்படும். அரசர் பெயரால் ஈச்சுரம் அமைப்பது இராசராசேச்சுரம் முதலியவற்றில் நாம் காணும் தமிழ் மரபே. அம்மரபில் ஒரு மங்கோலியப் பேரரசனைப் பொருத்தியதில் அக்குடியினரின் நுண்ணறிவு புலப்படுகிறது.

காலச்சூழலோடு பொருத்தி நோக்குகையில் இக்கல்வெட்டின் உட்பொருள் மேலும் தெளிவாகும். சுவன்சோ 1276–77இல் மங்கோலியர் வசமாயிற்று. 1278இல் குப்லாய், அயல்வணிகர் அச்சமின்றி வந்து வாணிகம் செய்யலாம் என அறிவிக்கச் செய்தான். தென்சோங் அரசு 1279இல் முற்றிலும் வீழ்ந்தது. அதே 1279 அளவில் தமிழகத்தில் சோழர் ஆட்சியும் முடிவுற்று, மாறவர்மன் குலசேகர பாண்டியன் மேலோங்கினான். 1281இன் தொடக்கத்தில் குப்லாயின் தூதர் யாங் திங்பி சுவன்சோவிலிருந்து கொல்லம் நோக்கிப் புறப்பட்டு, காற்று மாறியமையால் மாபார் எனப்பட்ட பாண்டியர் கரையில் இறங்கினார். இவ்வாறு இரு கரைகளிலும் ஆட்சி மாறிய காலத்தில், புதிய பேரரசனின் உடல்நலம் வேண்டித் தம் இறைவனை எழுந்தருளச் செய்த தமிழ்க்குடியினர், தாம் இந்நகரில் தொடர்ந்து வாழ எண்ணியுள்ளோம் என்பதை அவ்வரசுக்கு உணர்த்தினர் என்று கருத இடமுண்டு. ஒரு திங்களில் கப்பலேறிவிட எண்ணுவோர் கருங்கல்லில் கோயில் எடுப்பதில்லை.

கோயிலின் வடிவம்

அக்கோயில் இன்றில்லை. எனினும் தூண்கள், போதிகைகள், மாடங்கள், புடைப்புச் சிற்பங்கள் என நூற்றுக்கணக்கான துண்டுகள் சுவன்சோவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கிடைத்துள்ளன. யானை இலிங்கத்தை வழிபடுவதும், பசு இலிங்கத்தின்மேல் பால் சொரிவதும், கண்ணன் மருத மரங்களைச் சாய்ப்பதும், காளிங்கன்மேல் ஆடுவதும், நரசிங்கம் இரணியனைப் பிளப்பதும் அவற்றில் செதுக்கப்பட்டுள்ளன. யானை வழிபடும் காட்சி திருவானைக்காத் தலவரலாற்றை நினைவூட்டுகிறது. ஒரே நகரின் கற்களில் சிவன் கதைகளும் திருமால் கதைகளும் கலந்திருத்தல், அக்குடியினர் பல பிரிவினராயினும் கூடி வாழ்ந்திருக்கலாம் என எண்ணச் செய்கிறது.

இவற்றின் கட்டடக் கூறுகள் 13ஆம் நூற்றாண்டுத் தமிழகக் கோயில்களை ஒத்துள்ளன. கல்லோ அப்பகுதிக்குரியது, செதுக்கிய கைகளும் சீனத் தச்சருடையனவாகலாம் என்பதற்குச் சில முகங்களும் மலர்க் கொடிகளும் குறிப்பாகின்றன. திட்டம் தமிழருடையது, உளி சீனருடையது என்று கொள்வோமாயின், வேலை நடந்த இடத்தில் இரு மொழியினர் நாள்தோறும் பேசிப் பழகியிருத்தல் வேண்டும். எந்த ஆவணத்திலும் எழுதப்படாத அவ்வுரையாடலே அண்டை வாழ்வின் உண்மையான சான்று எனலாம்.

நாகப்பட்டினம்: மறுகரையின் சான்று

தங்கல் ஒருவழிப்பட்டதன்று. 1349ஆம் ஆண்டளவில் வாங் தாயுவான் எழுதிய தாவோ யி சி லுயே என்னும் நூல், மரங்களும் பாறைகளும் சூழ்ந்த ஓரிடத்தில் நிற்கும் செங்கற் கோபுரத்தையும், அதில் 1267ஆம் ஆண்டில் பணி முடிந்ததாகச் சீன எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்ததையும் குறிப்பிடுகிறது. அது நாகப்பட்டினத்தையே குறிக்கும் என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் கொள்கை. நாகப்பட்டினத்தில் 'சீனக் கோபுரம்' என வழங்கிய பழங்கட்டடம் ஒன்று 1867 வரை நின்று பின் இடிக்கப்பட்டது. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் கிடைத்த பெருந்தொகையான சீனப் பீங்கான் ஓடுகளும் இவ்வாணிகத்தின் வளத்தைக் காட்டும்.

1267இல் தமிழ்க் கரையில் சீனர் எழுப்பிய கோபுரம். 1281இல் சீனக் கரையில் தமிழர் எழுப்பிய கோயில். இடைவெளி 14 ஆண்டுகளே. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்கினாலன்றி இத்தொடர்பின் சமநிலை விளங்காது. பாண்டிய அரசவையில் உயர்நிலையிலிருந்த அராபிய வழியினரான புஹாலி என்பார் 1290களில் சீனம் சென்று குப்லாயின் ஆதரவில் வாழ்ந்ததும், 1299இல் தலைநகரில் இறந்தபின் அவருடல் சுவன்சோவிற்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டதும் இங்குக் கருதத்தக்கன. தமிழ்க் கரையோடு தொடர்புடைய ஒருவர்க்கு இறுதி இடமாகத் தகுந்தது சுவன்சோவே என்று அக்காலத்தவர் எண்ணியிருக்கின்றனர்.

அறுந்த தொடர்பு, எஞ்சிய கற்கள்

1357 முதல் 1366 வரை சுவன்சோ உள்நாட்டுப் போரில் சிக்கியது. அயல்நாட்டுக் காவற்படையினரின் கிளர்ச்சியும் அதனை ஒடுக்கிய படையினரின் பழிவாங்கலும் அயலார் குடியிருப்புகளைச் சிதைத்தன. 1368இல் எழுந்த மிங் பேரரசு தனியார் கடல்வாணிகத்தைத் தடைசெய்தது. தங்கியோர் சிலர் நீங்கினர். சிலர் சீனரோடு கலந்தனர். தமிழ்க்கோயிலும் இக்காலத்தே அழிந்திருத்தல் வேண்டும்.

எனினும் தமிழ் எழுத்து சீனத்தில் உடனே மறையவில்லை. இலங்கையின் காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மொழிகளில் அமைந்தது. கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த அக்கல் 1409ஆம் ஆண்டினது. சீனத்தில் ஆயத்தம் செய்யப்பட்டது என்பர். மிங் அரசு தமிழைக் கடல்வழி மொழிகளுள் ஒன்றாக மதித்தமைக்கு இது சான்று.

கோயிற் கற்கள் வேறு வகையில் வாழ்ந்தன. சில நகர மதிலில் இடம்பெற்றன. இரு தூண்கள் கையுவான் பௌத்தக் கோயிலின் பெருமண்டபப் பின்புறத்தில் நிறுத்தப்பட்டன; அம்மண்டபத்தின் மேடையடியில் சிங்கமும் மனிதமுகச் சிங்கமுமாக 70க்கு மேற்பட்ட புடைப்புகள் பதிக்கப்பட்டன. இன்றும் அவை அங்கேயே உள்ளன. சுவன்சோவை அடுத்த ஜின்ஜியாங் பகுதியின் சிற்றூர் ஒன்றில் நான்கு கைகளையுடைய இந்துத் தெய்வச் சிற்பம் ஒன்றை ஊரார் குவான் யின்னின் ஒரு வடிவமாக எண்ணி ஊதுவத்தி ஏற்றி வழிபட்டு வருகின்றனர். பெயர் மாறிற்று, வழிபாடு நிற்கவில்லை. தைப்பூச நாளில் பினாங்குச் சீனர் தேங்காய் உடைப்பதையும் காவடி எடுப்பதையும் கண்ட நமக்கு, அச்சிற்றூர் மக்களின் பத்தி அயன்மையாகத் தோன்றாது.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சுவன்சோ மதில் இடிக்கப்பட்டபோது அயல்மொழி எழுத்துடைய கற்கள் வெளிப்பட்டன. அவை கட்டட வேலைக்கெனச் சிதறிப் போகாதவாறு தேடித் தொகுத்தவர் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியரான ஊ வென்லியாங். அவர் 1957இல் சுவன்சோவின் சமயக் கற்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். தம் சமயமும் தம் மொழியும் அல்லாத கற்களைக் காத்தவர் ஓர் ஆசிரியர் என்பதை இவ்விதழைப் படிக்கும் ஆசிரியர்க்குச் சிறப்பாகச் சுட்ட விரும்புகிறோம். அவரது உழைப்பு இல்லையேல், சுவன்சோத் தமிழரைப் பற்றி நாம் இன்று பேசுவதில் பெரும்பகுதி இல்லாது போயிருக்கும். 2021இல் சுவன்சோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட 22 இடங்களுள் கையுவான் கோயிலும் ஒன்றாக அமைந்தது.

பினாங்கிலிருந்து நோக்குகையில்

1794இல் பிரான்சிஸ் லைட் பினாங்கின் மக்களைப் பற்றி எழுதிய அறிக்கையில், சோழமண்டலக் கரையினரைக் குறித்து ஒரு கணக்குத் தருகிறார். ஏறத்தாழ 1000 பேர் இங்குக் குடியமர்ந்தோர். அவருள் சிலர் குடும்பத்தோடு வாழ்வோர். ஆண்டுதோறும் கப்பல்கள் கொண்டுவரும் 1300 முதல் 2000 பேர் வரை உழைத்தும் விற்றும் சிறிது பொருளீட்டி ஊர் திரும்புவர். அவரிடத்திற்கு வேறு சிலர் வருவர். அவருள் பலர் முன்னரே கெடாவில் வாழ்ந்தவர் என்பதும் அவர் தரும் செய்தி. சூ யூ 12ஆம் நூற்றாண்டுக் குவாங்சோவில் கண்ட அதே பாகுபாடு இங்கும் காணப்படுகிறது: சென்று மீள்வோர் பலர், தங்கியோர் சிலர். கோயிலும் பள்ளிவாசலும் தெருப்பெயரும் அச்சிலரால் வந்தவை.

ஆகவே மலாயாவில் தமிழர் வரலாறு இரப்பர்த் தோட்டத்தோடு தொடங்குகிறது என்று மாணவர் எண்ணும்படி விடுவது ஒரு குறை. அதற்கு மாற்றாக, சீனத்தையே தமிழர் ஆண்டனர் என்பது போன்ற சான்றற்ற பெருமை பேசுவது மற்றொரு குறை. சுவன்சோத் தமிழர் ஆளச் சென்றவர் அல்லர். அயல்நகரின் சட்டத்திற்கு உட்பட்டு, அவ்வரசனுக்கு நலம் வேண்டி, அயலாரின் உளியால் தம் கோயிலை எழுப்பிக்கொண்ட சிறுபான்மைக் குடியினர். சிறுபான்மையினராய் வாழும் நம் மாணவர்க்கு வெற்றிப் புகழ்ச்சியினும் இவ்வரலாறே நெருக்கமானது.

காத்தல் என்னும் கடமையும் இதில் அடங்கும். பினாங்குக்கு எதிர்க்கரையில் பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி, நில மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டது 2013இல் வெளிச்சத்துக்கு வந்தது. இத்சிங் கப்பல் மாறிய கரையில், சுவன்சோக் கோயிலினும் பழமையான மரபைச் சேர்ந்த ஒரு கட்டடத்தை நம் காலத்தில் இழந்தோம். ஏழு நூற்றாண்டுக்கு முந்தைய தமிழ்க் கற்களைச் சீன ஆசிரியர் ஒருவர் காத்த செய்தியோடு இதனை ஒப்பிட்டால், நாம் யாரையும் குறைகூறும் முன் நம்மையே வினவிக்கொள்ள வேண்டியவர்களாகிறோம்.

முடிவுரை

குவாங்சோவுக்கும் சுவன்சோவுக்கும் தமிழ் நிலத்திலிருந்து துறவியரும் தூதரும் வணிகரும் சென்றனர். அவருள் சுவன்சோவில் தங்கிய ஒரு குடி, 1281இல் கோயிலும் கல்வெட்டும் கண்டு, அந்நகரின் வாழ்வில் பங்குபெற்றது. அரசியல் மாற்றத்தால் அக்குடி மறைந்தது. அதன் கற்கள் அயலாரின் கோயில்களிலும் வழிபாட்டிலும் ஓர் ஆசிரியரின் உழைப்பிலும் எஞ்சின. இச்செய்திகளை நம் தமிழ் நூல்களைவிடச் சீன நூல்களிலிருந்தும் சீன மண்ணின் கற்களிலிருந்துமே பெரிதும் பெறுகிறோம். எனவே தமிழ்–சீன ஆய்வில் சீனமொழிப் பயிற்சியும், சீன அறிஞரோடு கூட்டுமுயற்சியும் இன்றியமையாதன.

ஹொக்கியன் பேசும் அயலாரோடு நாள்தோறும் பழகும் பினாங்குத் தமிழர்க்கு இவ்வாய்வில் தனி வாய்ப்பு உண்டு. அம்மாணவர் ஜார்ஜ்டவுனின் குவான் யின் கோயிலையும் மாரியம்மன் கோயிலையும் ஒரே நடையில் கண்டு, பின் வகுப்பறையில் சுவன்சோக் கல்வெட்டைப் பயிலுமாறு பாடம் அமைத்தல் அரிதன்று. அவ்வாறு அமையின், அண்டை வாழ்வு என்பது இரு கரையினருக்கும் உரிய பழைய மரபு என்னும் உணர்வு அவர்களிடம் வேரூன்றும் என்பதே இக்கட்டுரையின் துணிபாகும்.